சொந்தத்தில் கல்யாணம்: பரம்பரைக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

"பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே இரத்தப் பிரிவு, குழந்தைக்கு ஆகாது" என்று வரனையே தட்டிக்கழிப்பவர்கள் இன்னமும் உண்டு. இருவரும் ஓ பாசிட்டிவ் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. பெண் நெகட்டிவ், ஆண் பாசிட்டிவ் என்றால் மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அதற்கும் ஊசி இருக்கிறது.

பார்க்க வேண்டியது வேறு. இருவரும் ஒரே நோயின் கேரியரா, அதாவது தனக்கு நோய் இல்லாமலே பழுதான மரபணுவைச் சுமப்பவரா என்பதுதான் அது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயையே எடுத்துக்கொள்வோம். அதற்குரிய மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும். அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒன்று மட்டும் பழுது என்றால் அவர் கேரியர்; மிஞ்சிப்போனால் லேசான இரத்தசோகை, அவ்வளவுதான். இரண்டுமே கடுமையான பழுது என்றால் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிவரும். "எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது" என்ற பேச்சு எடுபடாதது இதனால்தான். ஒற்றைப் பழுது பல தலைமுறைக்குச் சத்தமில்லாமல் இறங்கிவரும்.

இரு கேரியர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. "நாலில் ஒன்றுதானே, மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. தாயக்கட்டைக்கு முந்தின ஆட்டம் நினைவிருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே 25 சதவீதம்தான்.

அப்புறம் முறை பார்ப்பது. சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண் என்பது நம் வழக்கம். கூடவே "மாமன் வேறு குலம்தானே" என்று ஒரு சமாதானம். மரபணுவுக்குக் குலம் கோத்திரம் தெரியாது. சித்தப்பா மகளோ மாமன் மகளோ, நம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் அதுவே நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகள்தான் பிறக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே தாத்தாவின் பழுது இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக அந்நியத்தில் மணந்தால் கவலையே இல்லை என்றும் இருந்துவிட முடியாது. சில சமூகங்களுக்குள் கேரியர்கள் அதிகம். நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் என்ற இன்னொரு பரம்பரை இரத்த நோயின் மரபணு 1952-லேயே பதிவானது.

குழந்தைக்கு ஏதாவது என்றால் மருமகளைக் கைகாட்டும் பழக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: தலசீமியாவில் பங்கு இருவருக்கும் சரிபாதி.

பீட்டா தலசீமியா கேரியரா என்று பார்க்கக் கல்யாணத்துக்கு முன் ஹெச்பிஎல்சி என்ற இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் போதும். கேரியரிடம் பெரும்பாலும் ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2-வின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கடும் இரும்புச்சத்துக் குறை உள்ளபோது எடுத்தால் இந்த அளவு இறங்கி ஏமாற்றிவிடலாம். அதனால் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.