எழுவான்கரைக் கிணறு உப்பாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

இது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், எழுவான்கரையில், வீடு வளவு உள்ளவர்களுக்கு. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அப்படியே தெற்கே கல்லாறு, கல்முனை வரைக்கும் போகிற மணல் பட்டையைச் சொல்கிறேன். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை நிலம் வேறு மாதிரி. அங்கே இருப்பவர்கள் கீழே வெள்ளத்துக்குப் பிறகு கிணறு துப்பரவு செய்கிற பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

நம்முடைய மணலுக்கு அடியில் எங்கிருந்தோ ஓடிவருகிற ஊற்று என்று ஒன்றும் இல்லை. மாரியில் இதே வளவில் பெய்த மழைதான் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட இலேசானது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அங்கேதான் ஆபத்து இருக்கிறது: மோட்டரைப் போட்டு நீர்மட்டத்தை 1 அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழே உள்ள உப்பு பல மடங்கு மேலே ஏறி வரப் பார்க்கும். கிணற்றுக்கு நேர் கீழேதான் அது முதலில் கூம்பி எழும்பும். பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர், நம் வீட்டில் மட்டும் சவர் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், தலைவிதி இல்லை.

சரி, உங்கள் கிணறு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெறும் தேநீரில் உப்புத் தட்டுகிறது, சவுக்காரம் நுரைக்கவில்லை, மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகுகிறது என்றெல்லாம் தெரிய வருவதற்குள் விஷயம் கொஞ்சம் கடந்திருக்கும் (தென்னையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது ஓரளவு உப்பைத் தாங்கிக்கொள்ளும்). பேனா அளவில் டி.டி.எஸ் மீட்டர் என்று ஒன்று விற்கிறார்கள், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தத்தைக் காட்டும். 600க்குக் கீழே காட்டினால் குடிக்க நல்ல ருசி, 1000ஐத் தாண்டினால் வாய்க்குப் பிடிக்காது. கிருமி இருக்கிறதா என்று இந்த மீட்டர் சொல்லாது, அதை மறந்துவிட வேண்டாம். மேல் தண்ணீரை மட்டும் அளக்காமல் அடித் தண்ணீரையும் எடுத்துப் பாருங்கள்: ஒரு சிறிய சோடாப் போத்தலில் கல்லைக் கட்டி, வாயை ரப்பர் அடைப்பானால் இலேசாக மூடி, அடைப்பானுக்குத் தனியாக ஒரு நூல் கட்டி இறக்குங்கள், அடியில் தொட்டதும் நூலை வெடுக்கென்று இழுத்தால் அங்கே உள்ள தண்ணீர் உள்ளே போகும். அடியில் அளவு மேலே உள்ளதை விட நன்றாகக் கூடியிருந்தால் உப்பு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை அளந்து கலண்டரில் எழுதி வைத்தால் வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எவ்வளவு ஏறுகிறது என்று பிடிபடும்.

இறைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் ஒரே மூச்சாக மேல் தாங்கியை நிரப்பி, தோட்டத்துக்கும் விட்டு, அடி மண் தெரிகிற வரைக்கும் இழுக்கிற பழக்கத்தை விடுங்கள். அதே அளவு தண்ணீரை காலை கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், மாலை கொஞ்சம் என்று பிரித்து எடுங்கள், நடுவில் மட்டம் பழைய இடத்துக்கு வரட்டும். மோட்டர் சின்னதாக இருப்பதே நல்லது. உறிஞ்சு குழாயின் புட் வால்வு (தண்ணீரை இழுக்கிற கீழ் முனை) கிணற்றின் அடியில் கிடக்கக் கூடாது. வளையக்கூடிய குழாயாகப் போட்டு, ஒரு வெறும் பிளாஸ்டிக் கேனை மிதவையாகக் கட்டி, தண்ணீர் முகத்திலிருந்து ஒரு முழம் கீழே தொங்கவிட்டால் எப்போதும் மேல் தண்ணீர்தான் வரும். தண்ணீர் போதவில்லை என்று கிணற்றை ஆழமாக்குவதும், நடுவில் குழாய் அடித்து இறக்குவதும் இந்த மண்ணில் காசு கொடுத்து உப்பை வாங்குகிற வேலை. அகலமான, ஆழம் குறைந்த கிணறுதான் இங்கே சரி. முடியுமானால் வளவின் மறு மூலையில் இன்னொன்று வெட்டி இரண்டிலும் மாறி மாறி எடுக்கலாம்.

உள்ளே போடுவதையும் யோசிக்க வேண்டும். 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர். அதைப் பீலி வைத்து ரோட்டுக்கு ஓட விடுகிறோம், பிறகு ஆவணியில் தண்ணீர் பவுசரைத் தேடுகிறோம். பீலித் தண்ணீரைக் கிணற்றுக்குள் நேரே விடாமல், கொஞ்சம் தள்ளி ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு அதற்குள் விடுங்கள். முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு போகட்டும். முற்றம் முழுக்கச் சீமெந்து போடுகிற ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு செய்வது. கிணற்றுக்குள் கலங்கல் தண்ணீர் போயிருந்தால் உடனே பெரிய பம்பியைக் கொண்டுவந்து வற்ற இறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சுற்றி மண் ஊறிப்போயிருக்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் வெளி அழுத்தத்தில் மணல் உள்ளே சரியும், கிணற்று வளையம் சாயும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை நம் கரையில் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், அதனால் உப்பு நிலையாகக் குறையவில்லை, அடுத்தடுத்த மாரி மழைதான் கழுவிவிட்டது. ஆகவே மட்டம் வழமைக்கு இறங்குகிற வரை பொறுத்து, மிதக்கிற குப்பையை வடித்து, கலங்கல் போகிற அளவுக்கு மெதுவாக இறையுங்கள். பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அந்தப் புகையில் ஆள் செத்துப்போகும்.

தெளிந்த பிறகுதான் குளோரின், கலங்கல் தண்ணீரில் அது வேலை செய்யாது. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீர் ஆழத்தையும் அடிக் கணக்கில் அளந்து, விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 22 என்று பெருக்கினால் லீற்றர் வரும். 4 அடி விட்டம், 4 அடி தண்ணீர் என்றால் சுமார் 1,400 லீற்றர். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லீற்றருக்கு 70 கிராம், ஆக இந்தக் கிணற்றுக்கு 100 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடியில் மண்டி தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, வாளியால் கலக்கி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கட்டி தட்டிய பழைய பவுடரில் வீரியம் இருக்காது. மறுநாள் மணம் போகிற வரை கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து ஊற்றுங்கள், அப்புறமும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சந்தேகம் என்றால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிருமிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மலசலகூடக் குழியிலிருந்து கிணறு 100 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. காத்தான்குடி மாதிரி நெருக்கமான இடத்தில் இது யாருக்கும் வாய்க்காது என்று தெரியும். அப்படியென்றால் தண்ணீர் போகிற பக்கத்தையாவது பாருங்கள்: மணல் மேட்டின் நடுவிலிருந்து ஒரு பாதி கடலுக்கும் ஒரு பாதி வாவிக்கும் நகரும், குழி அந்தப் போகிற பக்கத்தில் இருக்கட்டும், கிணறு வருகிற பக்கத்தில். அயல் வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குழிக் கழிவிலிருந்தும், களுவாஞ்சிக்குடி, களுதாவளைப் பக்கத் தோட்டங்களில் போடுகிற உரத்திலிருந்தும் நைத்திரேற்று என்கிற உப்பு நிலத்தடித் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதற்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை; கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் அதையே கொதிக்க வைத்துப் பாவியுங்கள். குழாய் வராத வீடு என்றால், பரிசோதித்துப் பார்க்காத கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் ஊற்ற வேண்டாம்.