150 வெள்ளியில் கணினிக்கு நல்ல ஒலி: சவுண்ட் கார்டும் ஸ்பீக்கரும் வாங்கும் முறை

என் அக்கா மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த 150 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, 110 வெள்ளிக்கு ஒரு சவுண்ட் கார்டு, மிச்சக் காசுக்கு ஸ்பீக்கர். சரிதானே?" என்றான்.

சரியில்லை என்று சொன்னேன். சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் இத்தனை வருடத்தில், இதே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் உழைத்த காசு, மகள் கிளாங்கிலிருந்து அனுப்பிய காசு. அதில் பாதி தேவையில்லாத சவுண்ட் கார்டுக்கு, அதாவது கணினிக்கு ஒலி தரும் தனி அட்டைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதனால் அவனுக்குச் செய்து காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

படி 1: கடைக்குப் போகாதீர்கள், பின்பக்கம் பாருங்கள்

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். கைப்பேசிக்குப் போடும் கம்பியுள்ள இயர்போன் ஒன்று போதும். மேசைக் கணினியின் பின்பக்கத்தில் சின்ன வட்டத் துளைகள் வரிசையாக இருக்கும். பச்சை நிறத் துளை ஒலி வெளியே வரும் வழி. இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம், வேறொரு கருவியின் ஒலியை உள்ளே வாங்குவதற்கு. இயர்போனைப் பச்சையில் சொருகுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓட விட்டுக் கேளுங்கள். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு, ஒலி அளவைக் கூட்டி, மௌஸை அங்குமிங்கும் நகர்த்துங்கள்.

என் மருமகன் கொண்டுவந்தது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி. அவன் எப்போதும் முன்பக்கத் துளையில்தான் சொருகுவானாம். சொருகி, மௌஸை அசைத்தால் காதில் "கிர்ர்" என்று ஓர் ஓசை. பக்கத்தை மேலே கீழே உருட்டினால் அந்த ஓசையும் சேர்ந்து ஏறி இறங்கியது. இதைக் கேட்டுத்தான் சவுண்ட் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தான். அதே இயர்போனைப் பின்பக்கப் பச்சைத் துளைக்கு மாற்றினேன். ஓசை இல்லை. அவன் மறுபடி மௌஸை ஆட்டிப் பார்த்தான், இன்னொரு தடவை ஆட்டினான், என் முகத்தைப் பார்த்தான்.

காரணம் எளிது. முன்பக்கத் துளைக்கு வரும் மெல்லிய ஒயர் கணினிப் பெட்டிக்குள் நீளமாக ஓடுகிறது. வழியில் உள்ள மின்சுற்றுகளின் இரைச்சலை அது பிடித்துக்கொள்ளும். பின்பக்கத் துளை மதர்போர்டிலேயே (கணினியின் முதன்மைப் பலகை) இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. இப்படியாக, 110 வெள்ளி மிச்சமானது.

படி 2: சவுண்ட் கார்டு உண்மையிலேயே வேண்டுமா?

இந்த அட்டைக்கு ஒரு காலம் இருந்தது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது, சாதாரணக் கணினியால் "பீப்" என்று கத்தத்தான் முடியும். பாட்டு கேட்க அட்டை கட்டாயம் வேண்டும். பிறகு ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே வர ஆரம்பித்தது. 2004இல் இண்டெல் கொண்டுவந்த எச்.டி. ஆடியோ முறையில் ஒலியை 192 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 192,000 தடவை வரை அளந்து கையாள இடமுண்டு. குறுந்தட்டின் தரமோ 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது நல்ல நிலையில் இருந்தாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சு ஒலி அதற்குக் கேட்காது, அதுவரை உள்ள ஒலிக்குக் குறுந்தட்டின் அளவே போதும். ஆகவே பாட்டுக்கும் படத்துக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் இருக்கிற சில்லே போதும்.

அட்டை வாங்கவேண்டிய நிலைமைகளும் உண்டு. பச்சைத் துளை உடைந்துவிட்டது, பின்பக்கத்திலும் இரைச்சல் நிற்கவில்லை, மடிக்கணினியின் ஜாக் ஆடுகிறது என்றால் வாங்குங்கள். அப்போதும் பெட்டியைத் திறந்து பொருத்தும் அட்டை வேண்டாம். யூ.எஸ்.பி.யில் சொருகும் சின்ன சவுண்ட் கார்டு போதும். ஒலியை மாற்றும் வேலை பெட்டிக்கு வெளியே நடப்பதால் உள்ளே இருக்கும் இரைச்சல் பெரும்பாலும் விலகிவிடும். நாளை கணினி மாறினாலும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். பழைய அலுவலகக் கணினிகளில் ஒல்லியான பெட்டிகள் அதிகம், அவற்றில் முழு உயர அட்டை நுழையவே நுழையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

"7.1" (சுற்றிலும் எட்டு வழியாக ஒலி என்று பொருள்) என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் யூ.எஸ்.பி. குச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் காதுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை மட்டும் இருந்தால், வெளியே வருவது இடம், வலம் என்ற இரண்டு வழிதான். அந்த எண்ணுக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். கைப்பேசி ஹெட்செட்டின் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், மைக்கும் அதிலேயே சேர்ந்திருக்கும். மேசைக் கணினியில் மைக்குக்குத் தனித் துளை. ஆகவே இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன ஒயர் வாங்கினால்தான் மைக் வேலை செய்யும். டியூஷன் வகுப்பில் பிள்ளை பேசுவது ஆசிரியருக்குக் கேட்கவில்லை என்று என்னிடம் வருகிற கணினிகளில் பலவற்றுக்கு இதுதான் மருந்து.

படி 3: ஹாலில் நிற்கும் பழைய ஹைஃபை செட்டைப் பாருங்கள்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் முன் இதையும் பார்த்துவிடுங்கள். தாத்தா காலத்து ஹைஃபை செட் மேசை விரிப்பு போர்த்தி ஒரு மூலையில் கிடக்கலாம். கேசட் ஓடாது, சிடி ஓடாது. ஆனால் பின்னால் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு துளையும் 'ஆக்ஸ்' என்ற எழுத்தும் இருந்தால், 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலிருந்து சிவப்பு வெள்ளைக்குப் பிரியும் ஒயரை வாங்கிப் பச்சைத் துளையோடு இணையுங்கள். ஒயர் விலையில் வேலை முடிந்துவிடும். அந்தக் காலத்துப் பலகைப் பெட்டி ஸ்பீக்கரின் கனம், இன்று 100 வெள்ளிக்குக் கிடைக்கும் ஸ்பீக்கரில் இருக்காது.

ஒன்றை மட்டும் சோதியுங்கள். துணி வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். அது ஃபோம் வகையாக இருந்தால் நம் ஊர் ஈரத்திலும் சூட்டிலும் வயதாகி, பழைய பிஸ்கட் போல உதிரும். உதிர்ந்தால் ஒலி கிழியும். ரப்பர் வளையம் என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பழைய சாமான் கடையில் ஸ்பீக்கரை மட்டும் தனியாக வாங்குவதானால் எச்சரிக்கை. பின்னால் மின் ஒயர் இல்லாமல் சிவப்பு கறுப்புப் பிடிகள் மட்டும் இருந்தால், ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அது பாடாது.

படி 4: பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) "1000 வாட்" என்று போட்டிருந்த ஒரு ஜோடியை நானே வாங்கினேன். வீட்டுக்கு வந்து சொருகினால், அரை அளவுக்கு மேல் கூட்டியதும் குரல் கரகரத்தது. பிறகுதான் நிதானமாக அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 9 வோல்ட், 1 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 9 வாட். உள்ளே வருவதே 9 வாட் என்றால், வெளியே 1000 வாட் எங்கிருந்து வரும்?

இந்தப் பெருக்கல் கணக்கைக் கடையிலேயே செய்யுங்கள். யூ.எஸ்.பி.யில் மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இன்னும் சுலபம். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். நீலத் துளையான யூ.எஸ்.பி. 3.0 என்றால் 900 மில்லிஆம்பியர், 4.5 வாட். பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று ஊதிப் போடும் விளம்பர அளவு) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று எழுதியிருப்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அதோடு, வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு படுக்கையறைக்கு நேர்மையான 5 வாட், 10 வாட் தாராளம்.

பெரிய பாஸ் பெட்டி வைத்த 2.1 செட்டா, இரண்டு ஸ்பீக்கர் மட்டுமா? இந்த விலையில் இரண்டு ஸ்பீக்கர்தான் என் முடிவு. மலிவான பாஸ் பெட்டி எந்தப் பாட்டுக்கும் ஒரே "தும் தும்"தான் போடும். தோட்டத்து லயத்து வீட்டிலும் ஒட்டுச் சுவர் தாமான் (குடியிருப்பு) வீட்டிலும் அந்தத் தும் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டில் விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது) எழுந்திருக்க வேண்டிய அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பார்.

100 வெள்ளியை ஒட்டி, கிரியேட்டிவ் பெபல் போன்ற சிறிய வகைகள் உண்டு. உருண்டை வடிவம், கூம்பு 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், மேசையில் வைத்தாலும் ஒலி காதை நோக்கி வரும். கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்க முடிந்தால், எடிஃபையர் ஆர்1280டி போல 4 அங்குலக் கூம்பும் 42 வாட் ஆர்.எம்.எஸ்.ஸும் கொண்ட மரப்பெட்டி ஸ்பீக்கருக்குப் போகலாம். அது 150க்குள் அடங்காது.

படி 5: கடையில் உறுமி மேளத்தைப் போடச் சொல்லுங்கள்

கடைக்காரர் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்துகிற பாட்டாக இருக்கும். உங்கள் கைப்பேசியையும் ஒரு ஆக்ஸ் ஒயரையும் கொண்டுபோங்கள். நான் மூன்றைப் போட்டுக் கேட்பேன். முதலில் வானொலிச் செய்தி. மின்னல் எஃப்.எம். செய்தி வாசிப்பவரின் லகரம், ழகரம் தெளிவாகக் காதில் விழவேண்டும், சகரம் சீறக்கூடாது. இரண்டாவது, வீணையோ கிட்டாரோ தனியாக வரும் ஒரு பாட்டு. மூன்றாவது உறுமி.

தைப்பூசத்தில் உறுமிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த ஒலி வயிற்றில் தெரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது "உம்ம்ம்" என்று அடியிலிருந்து எழுந்து வளைந்து ஏறும். சின்ன ஸ்பீக்கரால் அதை முழுதாகத் தர முடியாது, அது குற்றமில்லை. ஆனால் உம்காரம் ஏறுவதும் இறங்குவதுமாவது தெரியவேண்டும். குச்சி அடி மட்டும் "டக் டக்" என்று கேட்டு, உறுமல் அடியோடு காணாமல் போனால் வைத்துவிடுங்கள். பெட்டி அதிர்ந்து நொறநொறத்தாலும் வைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பாட்டை நிறுத்தி, ஒலித் திருகை முழுதாகத் திருப்பிக் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். லேசான "ஸ்ஸ்" இருக்கலாம், உட்கார்ந்த இடத்தில் கேட்கக்கூடாது. திருகைத் திருப்பும்போது கரகரத்தால் அதே வகையில் வேறு ஒன்று கேளுங்கள். அடாப்டரில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா, பிளக் நம் மூன்று கால் பிளக்கா என்று பார்த்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: வைக்கிற இடத்தில் பாதி இருக்கிறது

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்கட்டும். மேசையில் 80 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், காதும் அவ்வளவு தூரத்தில். உயரம் போதவில்லை என்றால் அடியில் பழைய பாடப்புத்தகங்களை வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண், முடிந்தால் ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் ஊதிப்போய் குரல் மூழ்கும். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஒலி மோதித் திரும்பி வரும். பின்சுவரில் ஒரு கனமான திரையோ, கொடியில் போட்ட இரண்டு கைலியோ இருந்தாலே மாற்றம் தெரியும். செய்து பாருங்கள்.

படி 7: விண்டோஸில் சின்னச் சின்ன வேலைகள்

சத்தமே வரவில்லையா? பெரும்பாலும் கணினி மானிட்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். எச்.டி.எம்.ஐ. ஒயர் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் போய், வெளியீட்டில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் ஒலி அளவை 80க்கு மேல் வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஸ்பீக்கர் திருகில் செய்யுங்கள். இரைச்சல் குறையும்.

வீட்டில் ஒரு காது சரியாகக் கேட்காத பாட்டி இருந்தால், விண்டோஸ் 11இல் அதே பக்கத்தில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வரும், இயர்போன் போட்டாலும் பாட்டிக்கு எதுவும் தப்பாது.

படி 8: உம்மென்ற இரைச்சலும் இடியும்

மடிக்கணினியில் சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் "ம்ம்ம்" என்று இரைந்து, கழற்றியதும் நின்றால் ஸ்பீக்கர் பழுதில்லை. மடிக்கணினி, ஸ்பீக்கர் இரண்டும் வேறு வேறு இடத்தில் நிலத்தோடு இணைந்திருப்பதால் ஒயர் வழியாக மின்சாரம் சுற்றி வருகிறது. இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகிப் பாருங்கள். நிற்காவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேட்டு வாங்கி ஆடியோ ஒயருக்கு நடுவில் போடுங்கள். பிளக்கில் நிலத்தோடு இணைக்கும் எர்த் காலை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள், உயிர் ஆபத்து.

அப்புறம் இடி. சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது போதாது. ஸ்பீக்கர், கணினி, மோடம் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே போகும் ஒயரையும் கழற்றுங்கள், அந்த வழியாகவும் இடியின் மின்சாரம் வரும். என் மருமகன் வாங்கிய ஸ்பீக்கர் 95 வெள்ளி. மிச்சமிருந்த 55 வெள்ளியில் இடிப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பலகை ஒன்று வாங்கினோம். ஆனாலும் மழை வந்தால் உருவத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது தூறல் விழுந்ததுமே அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "டேய், பிளக்கைப் புடுங்குனியா?"