பூஜ்ஜியத்தில் நிற்க மறுத்த பின்பால் உருளை

1960-களில் சிகாகோவில் தயாரான என் பின்பால் இயந்திரத்தில் (எஃகுப் பந்தைத் தட்டி மதிப்பெண் சேர்க்கும் விளையாட்டு இயந்திரம்), தொடக்கப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓயாமல் ஓடியது. மதிப்பெண்ணின் பத்துகளைக் காட்டும் எண் உருளை மட்டும் பூஜ்ஜியத்தைக் கடந்து டக் டக்கென்று சுற்றிக்கொண்டே இருந்தது. இவ்வகை இயந்திரத்தில் மின்னணுச் சில்லுகள் இல்லை. மோட்டார் ஒவ்வொரு உருளையையும் நகர்த்தும் காயிலுக்கு, அதாவது மின்காந்தச் சுருளுக்கு, மின்துடிப்புகளை அனுப்பும். உருளை பூஜ்ஜியத்தை அடைந்ததும் ஒரு சுவிட்ச் திறந்து அந்தத் துடிப்பைத் துண்டிக்கும். எல்லா உருளைகளும் அப்படித் துண்டித்த பிறகே ரீசெட் ரிலே (உருளைகளைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பும் வேலையை நடத்தும் மின்காந்தச் சுவிட்ச்) விடுபட்டு மோட்டார் ஓயும். ஆகவே மோட்டாரைச் சந்தேகிப்பதில் பொருளில்லை.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு உருளையைக் கையால் பூஜ்ஜியத்துக்கு நகர்த்திப் பார்த்தபோது, சுவிட்சின் இரு தகடுகளும் பிரியாமல் ஒட்டியே நின்றன. பூஜ்ஜியத்தில் தெளிவான இடைவெளியும் மற்ற எண்களில் அழுத்தமான தொடுகையும் கிடைக்கும்வரை, தகட்டை அதன் அடிப்பகுதியில் பிடித்துச் சிறிது சிறிதாக வளைத்தேன். நுனியில் வளைத்தால் முனைகள் ஒன்றுக்கொன்று நேராக அமர்வதில்லை. கறுத்திருந்த வெள்ளி முனைகளை மெல்லிய, வளையக்கூடிய அரத்தால் லேசாகத் துடைத்தேன். உப்புத்தாள் முனைகளைக் கீறிவிடும்; எண்ணெய்த் தெளிப்பானோ தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும், அதைச் சிபாரிசு செய்பவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை.

உருளைகள் இப்போது வரிசையாகப் பூஜ்ஜியத்தில் நிற்கின்றன. அடுத்த வேலை, பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் மட்டைகளின் தேய்ந்துபோன காயில் உறைகளை மாற்றுவது.