மார்கழி மழையில் இன்குபேட்டருக்குத் தண்ணீர் எதற்கு?

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் ஊர்க்கோழி வளர்க்கிறவர்கள், ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் வீட்டிலேயே செய்த இன்குபேட்டரில் குஞ்சு பொரிக்க முட்டை வைக்கத் தொடங்கும்போது கேட்கிற கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. விடுகிற பிழைகளும் மாறுவதில்லை. இன்று கைதேர்ந்தவர்கள் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகள்தான். சேவல் படாத கடை முட்டை பொரிக்காது, வெடித்த முட்டையை வைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதற்காக இதை எழுதவில்லை.

முதல் நாளே தண்ணீர்த் தட்டை நிரப்புவது

அதிகக் குஞ்சுகளைக் கொல்கிற பிழை இது. எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த மழைக்கு யாரோ ஒருவர் வீட்டில் திரும்ப நடக்கும்.

கார்த்திகை, மார்கழியில் கதை இப்படிப் போகும். 24 முட்டை வைக்கிறார்கள். ஏழாம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தால் 20 முட்டையில் நரம்பு ஓடியிருக்கிறது. பதினான்காம் நாளும் அதே 20. குஞ்சுக்குப் பெயர் வைக்காத குறை. 21 ஆம் நாள் வருவது நாலே நாலு. மிச்சத்தை உடைத்தால் ஒவ்வொன்றிலும் இறகு முளைத்த முழுக் குஞ்சு, ஊதிப்போய், கொழகொழவென்ற தண்ணீருக்குள். சிலது கோதில் ஓட்டை போட்டுமிருக்கும்; அந்த ஓட்டையால் நீர் கசிந்து மூக்கடைத்துச் செத்திருக்கும். பழி முதலில் சேவல் மேல் விழும், பிறகு முட்டை தந்த வீட்டின் மேல். சில வீடுகளில் கண்ணூறு வரைக்கும் போகும். தண்ணீர்த் தட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முட்டைக் கோதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. 18 நாளில் அவற்றின் வழியே முட்டை தன் நிறையில் 11 முதல் 14 வீதம் வரை நீராவியாக இழக்க வேண்டும். இழக்க இழக்க, அகன்ற முனையில் இருக்கிற காற்றறை பெரிதாகும். 20 ஆம் நாளளவில் குஞ்சு சொண்டால் உள்தோலைக் குத்தி முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றறைக்குள்தான். பெட்டிக்குள் ஈரம் கூடினால் முட்டை காயாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு பருத்து, திரும்பி உடைக்க இடமில்லாமல் கிடக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மழைக்காலத்தில் வெளியே 28 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 82 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றையே பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடாக்குகிறீர்கள். அதிலுள்ள நீராவி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சூடேறிய காற்று 1.7 மடங்கு நீராவியைப் பிடித்துவைக்கக்கூடியது. ஆகவே ஈரப்பதன் ஏறத்தாழ 48 வீதத்துக்கு இறங்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரை. ஒரு சொட்டும் ஊற்றாமலே அது கிடைத்துவிட்டது. இதற்கு மேல் தண்ணீர்த் தட்டையும் நிரப்பினால் முட்டை எப்படிக் காயும்?

தட்டை நிரப்பச் சொல்வது பெரும்பாலும் குளிர்நாட்டு வீடியோ. அவர்கள் அறையில் 20 பாகையும் 50 வீதமும் என்றால் பெட்டிக்குள் வெறும் 18 வீதம்தான் வரும். ஊற்றாமல் இருந்தால் முட்டை வற்றிப்போகும். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கேயும் ஏசி போட்ட அறையில் வைத்தால் அதே நிலைமைதான்: 24 பாகை, 50 வீதம் உள்ள அறைக் காற்று பெட்டிக்குள் 23 வீதம் ஆகிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தீயாக வீசுகிற மத்தியானம் வெளியே 35 பாகை, 40 வீதம் என்றால் உள்ளே 35. அப்போது ஒரு சிறு தட்டு தண்ணீர் வேண்டும். வைத்த தட்டின் ஆழம் ஒன்றும் செய்யாது, நீர்ப் பரப்புத்தான் ஈரத்தைக் கூட்டும். ஆழமான டம்ளரை விட அகன்ற மூடி அதிக ஈரம் தரும்.

ஈரமானியை நம்பலாமா? மலிவான ஈரமானி 10 வீதம் வரை பொய் சொல்லும். ஒரு சோடா மூடியில் தூள் உப்பு போட்டு, கரையாமல் சேறுபோல் இருக்கிற அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு சிப் பைக்குள் பூட்டி எட்டு மணித்தியாலம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் 7 குறைத்துக் காட்டுகிறது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். நிலாவெளிப் பக்கத்து உப்பளக் கல்லுப்பு இதற்கு வேண்டாம். அதிலுள்ள வேறு உப்புகள் ஈரத்தை இழுத்து அளவை மாற்றும்.

அதைவிட நம்பிக்கையானது சமையலறைத் தராசு. வைக்கும் நாளில் பத்து முட்டையைச் சேர்த்து நிறுங்கள். 500 கிராம் என்றால் ஏழாம் நாள் 477 அளவில் நிற்க வேண்டும், 18 ஆம் நாள் 430க்கும் 445க்கும் இடையில். ஏழாம் நாள் 488 காட்டினால் இருக்கிற தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத் துளைகளை இன்னும் திறவுங்கள். 465 காட்டினால் ஒரு மூடி தண்ணீர் வையுங்கள். கூழ்முட்டையைக் கழித்தால் அதன் நிறையையும் முதல் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு முட்டையிலும் தொடக்க நிறையை எழுதிவைக்கச் சொல்வது.

எழுத பென்சிலா, பேனாவா?

பென்சில்.

தண்ணீர் ஊற்றவேண்டிய நாள்

18 ஆம் நாள். அன்று ஈரத்தை 65 முதல் 70 வரைக்கும் ஏற்றிவிட்டு, மூடியைச் சாத்திவிடுங்கள். இனி ஈரம் தேவைப்படுவது உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டாமலிருக்க. தட்டுக்குள் ஸ்பொஞ்ச் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் பரப்புக் கூடும். ஊற்றுவது வெதுவெதுப்பான தண்ணீராக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் வெப்பத்தை இறக்கும். குஞ்சு விழுந்து மூழ்காதபடி தட்டின் மேல் வலை போடுங்கள்.

நாள் எண்ணுவதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. திங்கள் பின்னேரம் வைத்தால் செவ்வாய் பின்னேரந்தான் ஒரு நாள் முடிகிறது. மூன்று கிழமை கழித்து வருகிற அதே திங்கள் பொரிக்கிற நாள். அதற்கு முந்திய வெள்ளிதான் 18.

கொன்ட்ரோலர் காட்டுகிற எண்ணை நம்புவது

வீட்டில் கட்டிய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூ 1209 என்ற சின்ன வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை. அதில் 37.5 என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே பி1 என்றொரு அமைப்பு இருக்கிறது: சூடேற்றுகிற குமிழ் அணைவதற்கும் திரும்ப எரிவதற்கும் இடையிலான வெப்ப இடைவெளி. அது 2 பாகையில் வந்திருந்தால் பெட்டி 35.5க்கும் 37.5க்கும் இடையில் ஊஞ்சலாடும். பி1ஐ 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள்.

பிறகு பலகையின் வெப்ப உணரியைச் சரிபாருங்கள். காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் வெப்பமானி 37, 38 பாகைக்கென்றே செய்தது, இதற்கு அதைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை. 38 பாகை அளவில் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கோப்பையில் இரண்டின் முனையையும் ஒன்றாகக் கட்டிப் பிடித்துக் கலக்குங்கள். வித்தியாசத்தை பி4 என்ற திருத்த அமைப்பில் கொடுத்துவிடலாம்.

37.5 என்பது விசிறி ஓடுகிற பெட்டிக்கு. விசிறி இல்லாத பெட்டியில் மேல் ஒரு சூடு, கீழ் ஒரு சூடு. அங்கே முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். உணரியை மூடியில் தொங்கவிட்டால் முட்டை குளிர்ந்துகொண்டிருக்கும், திரை மட்டும் அழகாக எண் காட்டும். குமிழைப் பொறுத்தவரை 40 வாட் ஒன்றை விட 25 வாட் இரண்டு நல்லது. ஒன்று எரிந்துபோனால் மற்றது தாக்குப்பிடிக்கும். எல்இடி போட்டுவிட்டு ஏன் சூடேறவில்லை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய மீன் பெட்டி

இறங்குதுறைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ரெஜிபோம் மீன் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். 37 பாகையில் அது என்ன ஆகும் என்று மூக்கே சொல்லும்.

முட்டையைக் கழுவுவது

வேண்டாம். கோதின் மேலுள்ள மெல்லிய பூச்சுப் போய் கிருமி உள்ளே இறங்கும். அழுக்கு முட்டை பொரிக்க வைப்பதற்கில்லை, பொரியலுக்கு.

இரண்டு கிழமை சேர்த்து வைப்பது

பெட்டி நிறையட்டும் என்று முட்டை சேர்க்கிறார்கள். ஏழு நாள் வைக்கலாம் என்று படிப்பது 15 முதல் 18 பாகை உள்ள அறைக்கு. நம் வீடுகளில் 30 பாகை. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, வளரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சாகும். ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள், காற்றோட்டமான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். பிரிஜ் இதற்கு அளவுக்கு மீறிய குளிர். தம்பலகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்த முட்டையை அப்படியே வைக்காமல், ஓர் இரவு அசையாமல் விடுங்கள்.

திருப்புவது

ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தரம். ஒற்றைப்படை எதற்கென்றால், நீண்ட இராப்பொழுதை முட்டை ஒவ்வொரு நாளும் வேறு பக்கத்தில் கழிக்கும். முதல் கிழமையில் தவறவிட்டால் கரு உள்தோலில் ஒட்டிவிடும். 18 ஆம் நாள் நிறுத்தி, தானே திருப்புகிற தட்டையும் வெளியே எடுங்கள். குஞ்சின் கால் அதன் இடுக்கில் மாட்டும்.

கரண்ட் போனால்

பதறி மூடியைத் திறப்பதுதான் பிழை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களும் இருந்தன. அதற்கே சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி முட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், ஆறினால் மாற்றவேண்டும். சில மணித்தியாலக் குளிரை முட்டை தாங்கும், 40 பாகையைத் தாண்டிய சூட்டைத் தாங்காது. ஆகவே கொதிநீர் வேண்டாம். பெட்டியைச் சாக்கால் மூடினாலும் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். கடைசிக் கிழமையில் குஞ்சுகளுக்கு மூச்சு வேண்டும்.

கோதை உரித்து உதவி செய்வது

ஓட்டை விழுந்து ஆறு மணித்தியாலம் அசைவில்லை என்றவுடன் நகம் பரபரக்கும். குஞ்சு அப்போது ஓய்வெடுக்கிறது. உள்தோலில் ஓடுகிற இரத்தத்தை உள்ளிழுத்து, மஞ்சள்கருவை வயிற்றுக்குள் எடுக்க 12 முதல் 24 மணித்தியாலம் வரை அதற்குத் தேவை. முந்தி உரித்தால் இரத்தம் கொட்டும், தொப்புள் மூடியிராது. ஒன்றுக்கு உதவ மூடியைத் திறக்கையில் ஈரம் வெளியேறி, பக்கத்தில் ஓட்டை போட்ட மற்றக் குஞ்சுகளின் உள்தோல் காய்ந்து இறுகிவிடும். பொரித்த குஞ்சு பசியில் கத்துகிறதே என்றும் திறக்கத் தேவையில்லை. வயிற்றிலிருக்கிற மஞ்சள்கரு இரண்டு நாளுக்குப் போதும்.

21 ஆம் நாள் ஒன்றும் வராவிட்டால்

23 வரை விடுங்கள். பெட்டி அரைப் பாகை குறைவாக ஓடியிருந்தாலும் பிந்தும். 19, 20 இல் அவசரமாக வந்தால் சூடு கூடிவிட்டது. பிறகு மிஞ்சியதை முற்றத்தில் போட்டு உடைத்து, எந்த நாளில் நின்றது என்று பாருங்கள். முதல் நாலு நாளில் இரத்த வளையத்தோடு நின்றது சேர்த்து வைத்த பழைய முட்டை அல்லது சூட்டுக் கோளாறு. முழுக் குஞ்சு உலர்ந்து தோலோடு ஒட்டிக்கிடந்தால் ஈரம் போதவில்லை. நனைந்து ஊதியிருந்தால் தண்ணீர்த் தட்டு.

நாற்றமடிக்கிற முட்டையை மட்டும் வீட்டுக்குள் உடைக்காதீர்கள். அது வெடிக்கும்.