முந்திப் பழுக்கும் அரிய பேரி: ஒட்டு முதல் பறிப்பு வரை

சித்ரோன் தே கார்ம், ஜார்கொனெல் போன்ற பழைய பேரி ரகங்கள் வடக்கு அரைக்கோளத்தில் ஜூலை, ஆகஸ்ட்டிலேயே பழுத்துவிடும். கன்றாகக் கிடைப்பது அரிது. குச்சி வாங்கி ஒட்டுவதே வழி.

இலையுதிர்ந்த குளிர்காலத்தில் பென்சில் பருமனுள்ள ஒரு வயதுக் குச்சியை வெட்டி, ஈரத்துணி சுற்றி, பையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். அது விடும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும். வேர்ச்செடியில், அதாவது குச்சியைத் தாங்கும் அடிச்செடியில், மொட்டு வீங்கும்போது ஒட்டுங்கள். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்த வேண்டும். பேரிக்கு உறவான குயின்ஸ் மரத்தின் வேர்ச்செடி, ஒட்டிய மரத்தைக் குட்டையாக வைக்கும். ஆனால் எல்லா ரகமும் அதோடு சேராது, சில ஆண்டு கழித்துக்கூட ஒட்டில் முறியும். சந்தேகமிருந்தால் பேரி நாற்றிலேயே ஒட்டுங்கள்.

காய் பிடிக்க, கூடவே பூக்கும் வேறு ரகமும் தேவை. ஜார்கொனெல் மும்மடியம், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி கொண்டது; அதன் மகரந்தத்தை நம்ப முடியாது.

பறிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தப் பழம் உள்ளிருந்து பழுக்கும். மஞ்சளாகட்டும் என்று மரத்தில் விட்டால் மேலே பளபளப்பு, நறுக்கினால் நடுவில் மாவும் பழுப்பும். பச்சை லேசாக வெளிறியதும் காயைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பாருங்கள். காம்பு கணுவில் சட்டென்று கழன்றால் பறிக்கலாம். பிறகு அறையில் வையுங்கள். காம்படியில் விரல் அழுத்தினால் நெகிழும் அன்றே சாப்பிட வேண்டும், இவை தாங்காது.