காடாகிப்போன இடத்தைத் திருத்தும்போது செய்யக்கூடாதவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் இடுப்பளவு வளர்ந்து, தையில் மஞ்சளாகி, மாசியில் சாய்ந்து, அடுத்த வருடப் புல் அதன் மேலேயே முளைத்து, இப்படியே மூன்று நான்கு வருடம் கவனிப்பாரின்றிக் கிடக்கும் இடங்கள் மதுரையைச் சுற்றி நிறைய. ஊமச்சிகுளம், ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் இருபது முப்பது சென்ட் வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களின் மனைகள், பூட்டிய பூர்வீக வீட்டின் கொல்லைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காலை வைத்தால் ஒரு சாண் கனத்துக்குச் செத்த புல் மெத்தைபோல் அமுங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்தச் செத்த புல்லால் பெரிய தொல்லை கிடையாது. அதற்கடியில் உயிரோடிருக்கும் தூர், கோரைக் கிழங்கு, அருகின் ஓடுதண்டு, வருடக்கணக்கில் கொட்டிக் கிடக்கும் விதை ஆகியவைதான் உண்மையான வேலை. இடத்தை ஒரே நாளில் மொட்டையாகப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்வதெல்லாம் இவற்றுக்குச் சாதகமாகவே போய் முடிகிறது.

நடந்து பார்க்காமல் ஆளையோ வண்டியையோ இறக்குவது

முதல் நாள் வெட்டவே வேண்டாம். ஆளுயரக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் போட்டு, கம்பால் முன்னே தட்டித் தட்டி இடம் முழுக்க நடக்க வேண்டும். தேடவேண்டியவற்றில் முதலாவது கிணறு. பழைய தோட்ட நிலத்தைப் பிரித்து மனையாக்கிய இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு புல்லுக்குள் மறைந்திருக்கும். மூடாத போர்வெல் குழாய், உளுத்துப்போன செப்டிக் டேங்க் மூடி, மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, அறுந்து தரையில் கிடக்கும் முள்கம்பி ஆகியவற்றையும் பாருங்கள். கண்டுபிடித்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அளவுக்கல் நான்கும் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஜேசிபி கல்லைத் தள்ளிவிட்ட பிறகு சர்வேயரைக் கூப்பிட்டு, பக்கத்து இடத்துக்காரரோடு நின்று வாக்குவாதம் செய்வது வீண் செலவு.

தீ வைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான்: ஒரு தீக்குச்சி, அரை மணி நேரம், வேலை முடிந்தது. முடிவதில்லை. தீ மேலே நிற்கும் தாளை, அதாவது காய்ந்த தண்டையும் இலையையும்தான் எரிக்கிறது. கொழுக்கட்டைப் புல், மஞ்சம்புல் போன்றவற்றின் தூர் மண்ணோடு ஒட்டி இருப்பதால் சூடு அங்கே நீண்ட நேரம் நிற்பதில்லை. ஓர் அங்குலம் கீழே கிடக்கும் விதைக்கும் ஒன்றும் ஆகாது. கோடை மழை ஒன்று பெய்ததும், சாம்பலில் வெயில் நேராக விழும் இடத்தில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். கோரைக்கும் அருகுக்கும் நிழல் ஆகாது. இத்தனை நாள் அவற்றை அடக்கி வைத்திருந்ததே அந்தச் செத்த புல் மூட்டம்தான் என்பது எரித்த பிறகுதான் தெரியும்.

ஆபத்து தனிக்கதை. மூன்று வருடப் புல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போது தீ ஆள் ஓடும் வேகத்துக்கு நகரும். பங்குனி, சித்திரையில் மத்தியானக் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். இடத்தின் ஓரத்தில் பனை நின்றால், காய்ந்து தொங்கும் ஓலை பற்றி, தீப்பொறி மேலிருந்து அடுத்த மனைக்கு, வைக்கோல் போருக்கு, கூரைக்குப் பறக்கும். புல்லுக்குள் வீசியெறிந்த பிளாஸ்டிக்கும் பெயிண்ட் டப்பாவும் எரியும் புகையைத் தெருவே சுவாசிக்க வேண்டும். யாரோ வைத்த தீ உங்கள் இடத்துக்குள் வந்துவிட்டால் பச்சைக் கிளையோடு அணைக்கப் போகாமல் 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். பக்கத்தில் இப்படி எரிக்கும் பழக்கம் இருந்தால், முதல் வேலையாக எல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரியும்படி விட்டுவிடலாம்.

புல்வெட்டும் இயந்திரத்தைத் தவறாக ஓட்டுவது

இருபது சென்டுக்கு மேல் என்றால் பிரஷ் கட்டர் இல்லாமல் கஷ்டம். ஆனால் வாடகைக்கு எடுத்து, மாட்டியிருக்கும் நைலான் கயிற்றோடேயே செத்த புல்லுக்குள் இறங்குகிறவர்கள்தான் அதிகம். நைலான் கயிறு இளம்புல்லுக்கும், சுவரோரத்துக்கும், கல் கிடக்கும் இடத்துக்கும் சரி. முறுகிக் காய்ந்த தண்டில் அது அறுந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தின் சுழலும் தலையைச் சுற்றிப் புல் கயிறாகத் திரிந்துகொள்ளும். இந்த வேலைக்கு மூன்று பல் அல்லது நான்கு பல் இரும்பு பிளேடு வேண்டும். எருக்கு, ஆவாரை, விரல் கனத்துக் கருவேலங்கன்று என்று கட்டைத்தண்டு வரும் இடத்தில் 80 பல் பிளேடுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்த தவறு, நான்கடிப் புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்டப் பார்ப்பது. முழு நீளத் தாள் பிளேடுக்கும் கியர் தலைக்கும் நடுவில் சுற்றி, சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் கியர் போய்விடும். முதல் சுற்றில் முழங்கால் உயரத்துக்கு மேல் இருப்பதை மட்டும் தட்டிவிட்டு, கல்லும் கட்டையும் கண்ணில் பட்ட பிறகு இரண்டாம் சுற்றில் இரண்டங்குலம் விட்டு வெட்டுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் பிளேடு, மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசினால் வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய பக்கமாக விழும். மாறாக இடமிருந்து வலமாக வீசி, பிளேடின் வலது முன்விளிம்பு கட்டையில் பட்டால் இயந்திரம் ஆளையே உதைத்துத் தள்ளும்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரம் என்றால் பெட்ரோலில் அதற்கென்றே விற்கும் டூ-டி (2T) ஆயில் கலக்க வேண்டும். 40:1 (நாற்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 25 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. டப்பா மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது பிஸ்டனுக்கு ஆகாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக எஞ்சினுக்குள் இருக்கும், பெட்ரோலில் கலக்கவே கூடாது. வாடகைக்கு எடுக்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். செத்த புல்லின் தூசி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும் என்பதால் ஒவ்வொரு டேங்க் தீரும்போதும் கழற்றித் தட்ட வேண்டும். சூடான இயந்திரத்தைப் புல் மேல் வைத்து பெட்ரோல் ஊற்றாதீர்கள். வெறும் மண்ணுக்கு எடுத்து வந்து ஆறவிட்டு ஊற்றுங்கள். இரும்பு பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், அதனால் காலை ஆறரையிலிருந்து பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வதே நல்லது. அப்போது புல்லில் லேசான ஈரமும் இருக்கும், தூசியும் அடங்கும். முகக்கவசம், கண்ணாடி, முழங்கால் வரை காப்பு கட்டாயம். கல் தெறிக்கும் என்பதால் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. மேலூர்ப் பக்கம்போல் சரளைக்கல் கிடக்கும் நிலத்தில் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

நான்கு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வெட்டுவது

நான்கு ஆள் நான்கு மூலையில் தொடங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் பாம்பு, கீரி, முயல் எல்லாம் சுருங்கிக்கொண்டே வரும் நடுத்திட்டில் அடைபடும், கடைசித் துண்டை வெட்டுகிறவரின் காலடியில்தான் வெளியே வரும். வீட்டுப் பக்கமோ தெருப் பக்கமோ தொடங்கி, வெட்டவெளியோ ஓடையோ இருக்கும் திசையை நோக்கி வரிசையாக வெட்டிப் போனால் அவை தாமாகவே விலகிப் போய்விடும். கண்ணாடி விரியனின் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆள் சத்தம் கேட்டால் பல நேரம் ஓடாமல் சுருண்டு கிடந்து சீறும். கல் குவியலும் முள்ளும் உள்ள இடத்தில் சுருட்டை விரியன் இருக்கலாம். வெட்டிய புல்லை வெறுங்கையால் அள்ளக் கூடாது, வாரியால் இழுத்துப் புரட்டிப் பார்த்த பிறகே அள்ள வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு ராஜாஜி மருத்துவமனை.

வெட்டியதைக் குவித்துவிட்டுப் போவது

சுவரோரத்திலும் மரத்தடியிலும் குவித்து வைத்த புல், ஒரே வாரத்தில் எலிக்கு வீடு, எலி வந்தால் பாம்புக்கும் வீடு. செம்மண் பூமியில் கரையானும் ஏறிவிடும். அன்றைக்கு வாரியதை அன்றைக்கே ஓரிடம் சேர்க்க வேண்டும். விதை உதிர்ந்துபோன வெறும் தாளை, தென்னை, மா, கொய்யாவைச் சுற்றி நான்கு முதல் ஆறங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், அடிமரத்திலிருந்து அரையடி தள்ளி. பார்த்தீனியம், நாயுருவி, ஒட்டுப்புல் விதையோடு இருப்பதை மூடாக்கில் சேர்க்காதீர்கள். அது தோட்டம் முழுக்க விதைப்பதற்குச் சமம். மீதியை ஒரு குழியில் அடி கனத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கூடைச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, கையில் பிடித்தால் ஈரம் தெரிந்து சொட்டாத பதத்தில் வைத்து, மாதம் ஒருமுறை புரட்டினால் நாலைந்து மாதத்தில் எரு.

செத்த புல்லை அப்படியே மண்ணில் மடக்கி உழுதுவிட்டு உடனே செடி வைப்பதும் தவறுதான். காய்ந்த தாளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வைத்த செடி இரண்டு மூன்று மாதம் வெளிறிப்போய் நிற்கும்.

காய்ந்த புல்லுக்கு மருந்தடிப்பது

கிளைபோசேட் பச்சை இலை வழியாக உள்ளே போய் வேருக்கு இறங்கும் மருந்து. செத்த இலையில் அடித்தால் காசு போனதுதான் மிச்சம். ஈரமில்லாமல் வாடி நிற்கும் செடியிலும் சரியாக இறங்காது. கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண் துகளில் ஒட்டி வீணாகும். நம் பக்கத்து போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் அதன் வீரியத்தைக் குறைக்கும். தவிர, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் பக்கமே போக வேண்டாம், உடலுக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது. கல் உப்பைக் கரைத்து ஊற்றுவதும் ஒரு வழக்கம். புல் சாகும், அதோடு அந்த மண்ணில் பிறகு வைக்கும் செடியும் சாகும்.

ஜேசிபி, ரோட்டவேட்டர்

ஜேசிபி வாளியால் வழித்தால் இடம் பளிச்சென்று இருக்கும். போனது புல்லோடு சேர்ந்து நான்கைந்து அங்குல மேல்மண், மிஞ்சியது கெட்டிப்பட்ட அடிமண். ஜேசிபிக்கு உண்மையான வேலை சீமைக்கருவேலத்தில்தான். அதைத் தரையோடு வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் பத்துத் தண்டு துளிர்க்கும், ஏனென்றால் துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குள் தூர்ப்பகுதியில் இருக்கின்றன. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு தென் மாவட்டங்களில் அதை அகற்றும் வேலை பெரிதாக நடந்தது. தூரைத் தோண்டாமல் மேலே மட்டும் வெட்டினால் மரம் சாவதில்லை. குறைந்தது ஓரடி ஆழத்துக்குத் தூரோடு பெயர்க்க வேண்டும். கன்றாக இருக்கும்போது மழை ஈரத்தில் கடப்பாரையே போதும். வேம்பு, பனை எவை என்று முதலிலேயே சுண்ணாம்புக் குறி போட்டு ஓட்டுநரிடம் காட்டிவிடுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் பிரச்சினை வேறு. அது அருகின் ஓடுதண்டையும் கோரையின் கிழங்குத் தொடரையும் துண்டுதுண்டாக நறுக்கி இடம் முழுக்கப் பரப்பும், கணு உள்ள ஒவ்வொரு துண்டும் புதுச் செடி. இதற்கு டிராக்டரில் மாட்டும் கொத்துக் கலப்பைதான் (கல்டிவேட்டர்) சரி. புல்லை வாரி எடுத்த பிறகு, சித்திரை வாக்கில் கோடை மழை ஈரத்தில் ஐந்து கொத்தோ ஒன்பது கொத்தோ போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக உழுதால் ஓடுதண்டு முழுசாக மேலே வரும். வாரி ஒதுக்கிவிட்டு, கிளம்பிய கிழங்கை இரண்டு வாரம் கத்திரி வெயிலில் காயவிட வேண்டும். ஒரே உழவில் கோரை ஒழியாது, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இன்னொரு உழவு வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஈரம் அதிகமாக இருக்கும்போது உழாதீர்கள். மண்ணைப் பிடித்து உருட்டி, விரலால் தட்டினால் உதிரும் பதம்தான் உழவுப் பதம்.

வெறும் மண்ணாக விட்டுவிடுவது

இவ்வளவும் செய்துவிட்டுச் சும்மா விட்டால் ஐப்பசி மழைக்கு முதலில் வருவது பார்த்தீனியம். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அதைவிட நல்லது, அது வெயிலைப் பார்க்காமல் செய்வது. மதுரையில் மானாவாரிக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான் என்பதால் புரட்டாசியில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டோ சணப்போ விதையுங்கள். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ, அதாவது இருபது சென்டுக்கு 4 கிலோ. களையை அமுக்குவதுதான் நோக்கம் என்றால் 5 கிலோவாகப் போடலாம். நாற்பத்தைந்து நாளில், பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். தண்டு முற்றவிட்டால் மட்க நாளாகும். தண்ணீர் வசதியே இல்லாத இடத்துக்குக் கொள்ளு பரவாயில்லை.

ஆடு விடலாமா என்று பலர் கேட்பார்கள். முறுகிக் காய்ந்த புல்லை ஆடு சீந்தாது. வெட்டிய பிறகு வரும் இளந்துளிரை மேய்வதற்கு அது நல்ல துணை. கிடை போடுவதாக, அதாவது மந்தையை இரவில் அங்கேயே அடைத்து வைப்பதாக இருந்தால், அந்த மந்தை அதற்கு முன் எங்கே மேய்ந்தது என்று மந்தையை ஓட்டிவரும் கீதாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல நெற்றைத் தின்றுவிட்டு வந்த ஆடென்றால் புழுக்கையோடு அதன் விதையும் இறங்கும். நெற்று உதிரும் கோடையில் கிடை போட்டிருந்தால், அடுத்த மழைக்குப் பின் ஒருமுறை இடத்தைச் சுற்றி வந்து, சாண் உயரம் தாண்டும் முன்பே கன்றுகளைப் பிடுங்கிவிட வேண்டும்.