தாட்சண்யம் பார்த்துத் தலையாட்டும்போது: பிறர் நம்மை வளைக்க நாமே வழிவிடும் தவறுகள்

என் மூக்குக்கண்ணாடி அறையின் மறுகோடியில் ஒரு தட்டில் இருந்தது. முகம் முழுக்கப் பச்சைக் களிம்பு, கழுத்துவரை போர்வை. தலைமாட்டில் நின்ற பெண் மெல்லிய குரலில், "அக்கா, உங்க தோலுக்கு ஒரு தடவை போதாது. பத்துத் தடவை பேக்கேஜ் எடுத்தாத்தான் பலன் தெரியும்" என்றாள். விலை 2,800 வெள்ளி. நான் 38 வெள்ளி அறிமுகச் சலுகைக்காகச் சிங்கப்பூரில் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி அழகு நிலையத்துக்குப் போனவள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான் நான் அன்று செய்த தவறு.

விலை அதிகம் என்றேன். மாதத் தவணை இருக்கிறது என்றாள். வீட்டில் கேட்கவேண்டும் என்றேன். "உங்க முகத்துக்கு அவர்கிட்டயாக்கா கேக்கணும்?" என்று சிரித்தாள். வேலைக்கு நடுவே நேரம் இருக்காது என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் என்றாள். முக்கால் மணி நேரத்தில் என் கையில் இருந்த காரணமெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அவள், "சரிக்கா, உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி, அஞ்சு தடவைக்கு 1,400 வெள்ளி போட்டுத் தரேன்" என்றாள். அவள் எனக்காக இறங்கி வந்துவிட்டாள், இனி நான் இறங்கி வருவதுதான் முறை என்று தோன்றியது. கண்ணாடி இல்லாமலேயே கையெழுத்துப் போட்டேன்.

எட்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், ஏமாந்தவர்கள் பலரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். புத்தி குறைந்தவர்கள்தான் பிறர் பேச்சுக்கு வளைகிறார்கள் என்பது உண்மையே இல்லை. நம்மிடம் இருக்கும் நல்ல குணங்களைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். மரியாதை, நன்றி, இரக்கம், சொன்ன சொல் தவறக்கூடாது என்ற எண்ணம், இவைதான் அவர்களுக்குப் பிடிமானம். 'தாட்சண்யம் தன நாசம்' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தனம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. தூக்கமும் நிம்மதியும் சேர்ந்தே போகின்றன.

காரணம் சொல்வது

முதல் தவறு, 'வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல் ஏன் வேண்டாம் என்று விளக்குவது. நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் எதிராளிக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது. அந்தக் காரணத்தை உடைத்துவிட்டால் நாம் சம்மதித்தாகவேண்டும் என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. விற்பனைக்காரர்களுக்கு இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. நமக்கு இல்லை. எனவே அந்த மேடையில் ஏறவே கூடாது.

அந்தப் பெண் 2,800-லிருந்து 1,400-க்கு இறங்கினாளே, அதுவும் பழைய உத்திதான். 1975-இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் தம் குழுவோடு ஒரு சோதனை செய்தார். குற்றம் செய்து காவலில் இருக்கும் சிறுவர்களை ஒருநாள் இரண்டு மணி நேரம் விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கல்லூரி மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் ஒப்புக்கொண்டார். இன்னொரு குழுவிடம் முதலில் பெரிதாகக் கேட்டார்கள்: வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா? எல்லாரும் மறுத்தார்கள். உடனே, 'சரி, ஒருநாள் மட்டும் விலங்குத் தோட்டம்?' என்று கேட்டதும் பாதிப்பேர் தலையாட்டிவிட்டார்கள். கேட்ட உதவி ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒருமுறை மறுக்க வைத்ததுதான் வித்தியாசம்.

இப்போதெல்லாம் நான் ஒரே வாக்கியம் வைத்திருக்கிறேன்: "கேட்ட அன்னிக்கே எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்." ஏன் என்று கேட்டால் அதையே திரும்பச் சொல்வேன். மூன்றாவது முறை சொல்லும்போது நமக்கே கூச்சமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கூச்சம் கடைவாசலைத் தாண்டினதும் போய்விடும், தவணை அப்படிப் போகாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது

இது நம்மவர்களிடம் ரொம்ப ஆழமாக ஊறியது. ஒருவர் நமக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தால் அடுத்தமுறை நாம் கொடுக்கும்வரை மனசு ஆறாது. 1971-இல் டென்னிஸ் ரீகன் என்பவர் இதைச் சோதித்தார். கேட்காமலேயே ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பரிசுச்சீட்டு வாங்கச் சொன்னால், கொடுக்காதபோது வாங்கியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அந்த ஆளைப் பிடிக்காதவர்கள்கூட வாங்கினார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இங்கே இது எப்படியெல்லாம் வருகிறது என்று பாருங்கள். இலவச மருத்துவப் பரிசோதனை என்று அழைத்து, பழரசம் கொடுத்து, மூட்டுவலி மெத்தை விற்கிறார்கள். ஊரிலிருந்து ஒருவரை வேலைக்கு அழைத்துவந்தவர், "நான் இல்லன்னா நீ இங்க வந்திருக்கவே முடியாது" என்று சொல்லிச் சொல்லியே மாதாமாதம் பணம் கேட்கிறார். வேலை கொடுத்ததற்காக முதலாளி வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். ஆனால் நன்றிக்கடன் என்ற பெயரில் கேட்கும்போது வாய் திறந்து புகார் சொல்லப் பலருக்கு மனசு வருவதில்லை. பிறகு வசூலிப்பதற்காகவே செய்ததை உதவியாக நினைத்துச் சுமக்கவேண்டியதில்லை. நன்றியை நாம் விரும்பிக் காட்டலாம், எதிராளி அதற்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது.

'நான் ஏமாறமாட்டேன்' என்று நம்புவது

2024-இல் மட்டும் சிங்கப்பூரில் 51,000-க்கும் மேற்பட்ட மோசடிப் புகார்கள். போன பணம் 110 கோடி வெள்ளிக்கும் மேல். அவற்றில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் பணத்தை அனுப்பியது பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கைதான். கணக்கை யாரும் உடைத்துத் திருடவில்லை. பேசிப் பேசியே அனுப்ப வைத்தார்கள்.

எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் அழைத்தான். உங்கள் பெயரில் கள்ளப்பணக் கணக்கு இருக்கிறது என்று சொல்லி, போலிஸ் அதிகாரிக்கு இணைப்பை மாற்றினான். வீடியோவில் சீருடை, பின்னால் சின்னம். விசாரணை முடியும்வரை பணத்தைப் 'பாதுகாப்பான கணக்குக்கு' மாற்றவேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. டீச்சர் மூன்று நாள் தொலைபேசியைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனார். நான் மின்தூக்கியில் பார்த்து, "என்ன டீச்சர், முகம் வாடியிருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, வெயில்" என்றார். அந்த நேரத்தில் 'யாரிடமும் சொல்லக்கூடாது' என்ற ஒரு வார்த்தை அவர் வாயைக் கட்டியிருந்தது.

எந்த வகை மோசடியாக இருந்தாலும், எந்த வகை மிரட்டலாக இருந்தாலும், நான் பார்த்தவரை இந்தச் சொல் தவறாமல் வருகிறது. ரகசியம் காக்கச் சொல்பவர் நம்மை நம் ஆட்களிடமிருந்து பிரிக்கிறார். அரசாங்க அதிகாரி யாரும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லமாட்டார், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார், அழைப்பைப் போலிசுக்கு மாற்றிவிடவும் மாட்டார். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு, மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது, எந்நேரமும் அழைத்துக் கேட்கலாம். வங்கிகளில் சேமிப்பின் ஒரு பகுதியை இணையம் வழியாக மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு உடன் உட்கார்ந்து செய்துகொடுங்கள்.

இந்த இடத்தில் வீட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு. டீச்சரின் மகன் விஷயம் தெரிந்ததும், "படிச்சவங்கதானே நீங்க? அறிவில்ல?" என்று கத்தினார். டீச்சர் அன்றிரவு மறுபடியும் அந்தப் 'போலிஸ்காரனுக்கே' அழைத்தார். தன்னை அவமானப்படுத்திய மகனைவிட மரியாதையாகப் பேசிய திருடனிடம் அவருக்கு நம்பிக்கை இருந்தது. மறுநாள் மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அவர் பேரு என்ன? எந்த ஸ்டேஷன்? நாம ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுவோமா?" என்று கேட்டார். நிலையத்துக்குக் கிளம்பிய வழியிலேயே டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே 2025 ஜனவரியில் ஒரு சட்டம் நிறைவேறி, ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப்போகிறார் என்று நம்ப முகாந்திரம் இருந்தால், அவருடைய கணக்குப் பரிவர்த்தனைகளை 30 நாள் வரை கட்டுப்படுத்தும்படி போலிஸ் வங்கிக்கு உத்தரவிடலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கவும் செய்யலாம். ஆகவே வீட்டில் ஒருவர் கேட்காமல் பிடிவாதம் பிடித்தால், சண்டை போட்டு நேரத்தை விடாமல் போலிசிடம் போங்கள்.

எல்லாரும் சொல்வதால் சரி என்று எண்ணுவது

முதலீட்டு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் 'லாபம் வந்துவிட்டது, நன்றி சார்' என்று போடுவார்கள். அந்த நாற்பதும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது ஒருபுறம். உண்மையான ஆட்களாகவே இருந்தாலும் கூட்டத்துக்கு எதிரே தனியாக நிற்பது சிரமம். 1950-களில் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய சோதனை ஒன்றை வைத்தார். சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். ஆனால் சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒருவர் உடன் இருந்தபோது, கூட்டத்தின் பிடி கால்பங்காகக் குறைந்துவிட்டது.

அந்த ஒருவர் யார் என்று முன்னாலேயே முடிவு செய்துவைப்பது நல்லது. எனக்கு என் தங்கை. 500 வெள்ளிக்கு மேல் எதுவானாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் செய்வதில்லை, அவளும் அப்படித்தான்.

நடந்ததை நிரூபிக்கப் போராடுவது

வீட்டுக்குள் நடப்பது வேறு மாதிரி. "நான் அப்படிச் சொல்லவே இல்ல, உனக்குத்தான் எப்பவும் கற்பனை" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், சில மாதங்களில் நம் நினைவின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே பலரும் செய்வது, அவரையே ஒப்புக்கொள்ள வைக்க மணிக்கணக்கில் வாதாடுவது. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில்தான் அவருடைய பிடியே இருக்கிறது. தேதி போட்டு நாலு வரி எழுதிவையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவையுங்கள். அடி விழுந்தால்தான் குடும்ப வன்முறை என்று எண்ணிக் காத்திருக்கவும் வேண்டாம். மனத்தளவிலான கொடுமையும் அதில் சேரும் என்பதைச் சட்டமே தெளிவாக்கியிருக்கிறது. 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

எதையும் ரத்து செய்துவிடலாம் என்று இருப்பது

ஐந்து நாளுக்குள் எந்த ஒப்பந்தத்தையும் திரும்பப் பெறலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். சட்டம் தரும் அந்த 5 நாள் அவகாசம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக, அழைக்காமலே வீடு தேடிவந்து விற்பது போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்குத்தான். நாமாகக் கடைக்குள் நடந்துபோய் வாங்கியதற்குப் பொதுவாகக் கிடைக்காது. பயனீட்டாளர் சங்கம் நம்பகமான கடைகளுக்குத் தரும் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற அழகு நிலையங்கள் இதே போன்ற அவகாசம் தரவேண்டும், அதனால் உள்ளே போகுமுன் அந்த முத்திரையைத் தேடுங்கள். ஆயுள் காப்புறுதிக்கு 14 நாள் உண்டு. அளவுமீறி நெருக்கி வாங்கவைப்பது நியாயமற்ற வாணிபம் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு எவரிடமும் சொல்லாமல் அந்த இரண்டு ஆண்டையும் கடத்திவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எதிராளியின் கோபத்தைப் பார்த்துத் தடுமாறுவது

மறுத்துவிட்டால் எதிராளி கோபப்படுவார். அந்தக் கோபத்தைப் பார்த்ததும், நாம்தான் தப்பு செய்துவிட்டோமோ என்று ஓடிப்போய்ச் சம்மதித்துவிடுகிறோம். இதுதான் கடைசித் தடை, நிறையப்பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

போன வருஷம் என் கணவரின் சித்தப்பா மகன் ஒரு கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்தார். "அண்ணி, சும்மா ஒரு கையெழுத்துதான். நீங்களே என்ன நம்பலன்னா வேற யாரு நம்புவா?" என்றார். ஜாமீன்தாரர் என்றால் அவர் கட்டாதபோது முழுக்கடனும் என் தலையில். "தம்பி, ஜாமீன் கையெழுத்து நான் யாருக்கும் போடறதில்ல. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார். அடுத்த பத்து நாள் அத்தையிடமிருந்து நான்கு அழைப்பு, குடும்ப வாட்ஸ்அப்பில் உறவைப் பற்றி நீளமான பதிவுகள். எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எதற்கும் பதில் எழுதவில்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள் கதவு தட்டப்பட்டது. அவரும் மனைவியும் ஒரு டப்பா முறுக்கோடு நின்றார்கள். என் மகனின் ஓ நிலைப் பள்ளித் தேர்வைப் பற்றி விசாரித்தார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.